வலிக்காத புண்

ரஷ்ய மொழியில் எனக்கு அப்போது நாற்பது வாக்கியம் தெரியும். நாற்பதும் கேள்விகள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, மூச்சு வாங்குகிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா. கேள்வியைத் தடுமாறாமல் கேட்டுவிடுவேன். பதில்தான் புரியாது. இலுப்பூரிலிருந்து கிர்கிஸ்தானுக்கு மருத்துவம் படிக்கப் போனவள் நான். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளிகளுக்கு ஆங்கிலம் வராது. பயிற்சிக்கு வார்டுக்குள் போனால் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினான்கு பேர் நிற்போம். நான் குள்ளம். எனக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்கிறவர்களின் வெள்ளைக் கோட்டு முதுகுதான்.

ஒருமுறை கட்டிலில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். பேராசிரியர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். வெளியே வந்த பிறகு உள்ளூர்ப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "இந்தக் கும்பலைத் துரத்துங்கள், என் காற்றையெல்லாம் இவர்களே இழுத்துவிடுகிறார்கள்" என்றாராம். நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ரப்பர் கைக்கு ஊசி போட்டிருக்கிறேன், துணிப் பொம்மைக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். உயிருள்ள ஒரு மனுஷர் உடம்பில் என் கை பட்டதில்லை. ஊரிலோ எங்கள் தெரு முழுக்க எனக்கு 'டாக்டர்ப் பொண்ணு' என்று பெயர்.

நாலாம் வருஷம் முடிந்ததும் கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது மருத்துவமனையில் பயிற்சி எடுக்க வேண்டும், சொந்த ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். கட்டுப் போட்டது இத்தனை, ஊசி போட்டது இத்தனை என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் பறந்துவந்தேன். நம்ம ஊர், நம்ம பாஷை, இனி யார் என்னைப் பின்வரிசையில் நிறுத்த முடியும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. முதல் நாளே மூத்த நர்ஸம்மா என் தோளைப் பிடித்து நகர்த்திச் சுவரோரம் நிறுத்தினார்.

"பாப்பா, தப்பா நெனச்சுக்காத. இங்கிட்டு ஓரமா நின்னு பாரு, கை மட்டும் வச்சுப்புடாத. ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா ஒன்னையக் கேக்க மாட்டாங்க, என்னையத்தான் கேப்பாங்க."

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நோட்டில் இருந்த பக்கங்களையெல்லாம் டாக்டர் முதல் நாளே புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி நாள் எடுத்துட்டு வாம்மா, மொத்தமாப் போட்டுத் தாரேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் காலையில் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டவர் என் மாமா. அம்மாவுடன் பிறந்த தம்பி. சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். சிமெண்டு, வாழைத்தார், கல்யாண வீட்டுப் பாத்திரம் எதுவானாலும் ஏற்றுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். சர்க்கரை இருந்தது. மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. என்னைச் சின்னதிலிருந்து தூக்கி வளர்த்தவர். கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

இரண்டாம் நாள் வண்டிக்குள் ஏறியதும் ஒரு நாற்றம் அடித்தது.

"எலி செத்துக் கெடக்குது தாயி. எங்கனக்குள்ளன்னுதான் தெரியல," என்றார் மாமா. அன்று சாயங்காலம் சீட்டைக் கழற்றிப்போட்டுத் தேடினார். மறுநாள் வண்டியைக் கழுவிச் சாம்பிராணி போட்டார். சாம்பிராணி வாசத்தோடு சேர்ந்து அதே நாற்றம் வந்தது. நான்காம் நாள் ஒரு வேகத்தடையில் அவர் பிரேக் மிதித்தபோது நான் தற்செயலாகக் குனிந்தேன். நாற்றம் கீழேயிருந்து வந்தது. அவருடைய வலது காலில் பழைய துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அதற்கு மேல் ஒரு பெரிய ரப்பர் செருப்பு.

"மாமா, வண்டியை நிறுத்துங்க."

புளியமரத்தடியில் ஓரம் கட்டினார். துணியைப் பிரித்தேன். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் குழிவான புண். ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது, உள்ளே சாம்பல் நிறம். இத்தனை நாளும் அவர் தேடிய எலி அதுதான்.

"எப்படி மாமா ஆச்சு?"

"நடந்தது, தேஞ்சது. அது கெடக்கட்டும்."

"வலிக்குதா?"

"ஒரு பொட்டு வலி இல்ல. அதான் சொல்றேன், சும்மா சின்னப் புண்ணு."

சர்க்கரை நோயாளிக்குக் காலில் நரம்பு செத்துப்போயிருக்கும், அங்கே வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்தான் ஆபத்து என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் புளியமரத்தடியில், "வலி இல்லையா, அப்ப சரி" என்று சொன்னவளும் நானேதான்.

ஆனாலும் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம், டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருவோம் மாமா."

அவர் முகம் மாறிவிட்டது. வண்டி ஸ்டாண்டில் கூட இருந்த ஒருவருக்கு இதே மாதிரி புண் வந்ததாம். "மொதல்ல வெரல எடுக்கணும்னாங்க. பெறகு பாதத்த எடுக்கணும்னாங்க. கடைசில ஆளே போயிட்டான். காலு போனா நான் பிரேக்க எத வச்சு மிதிப்பேன்? அங்கிட்டுக் காட்டவே கூடாது. ஒங்க ஆத்தாகிட்டயும் சொல்லிப்புடாத, ஊரையே கூட்டிருவா." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "நீ இருக்கைல எனக்கு எதுக்கு வேற டாக்டரு?"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். வேறு எதையாவது காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். பாசம், பயம், மாமாவின் பிடிவாதம் என்று. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷம் கழித்து ஒரு மனுஷர் தன் காலை என்னிடம் நீட்டியிருந்தார்.

அன்று சாயங்காலமே மெடிக்கலில் கையுறை, பஞ்சு, சலைன் பாட்டில், கட்டுத்துணி எல்லாம் வாங்கினேன். மெடிக்கல்காரர் மாத்திரையையும் என் வாய்ச்சொல்லுக்கே எடுத்துக் கொடுத்தார். "டாக்டர் சொன்னாச் சரிதான்" என்று சிரித்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

மாமாவின் அறையில் கட்டிலில் அவர், கீழே சாக்கு விரித்து நான். கையுறையை மாட்டிக்கொண்டேன்.

"ஏத்தா, ஏன் இந்த நடுக்கம் நடுங்குற? ஆயிரம் பேரக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. நீ என்னைய வச்சுப் போணி பண்ணு" என்று சிரித்தார் மாமா. நானும் சிரித்தேன். கழுவினேன், துடைத்தேன், புத்தகத்தில் இருந்த மாதிரியே கட்டினேன். கட்டு அழகாக வந்தது. நோட்டில் முதல் வரியை நான் நிஜமாகவே எழுதினேன்: கட்டுப் போட்டது, ஒன்று.

அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அதே வேலை. புண்ணை அளந்து எழுதினேன், படம் வரைந்தேன். போனில் எடுத்து வகுப்புத் தோழிகளின் குழுவில் போட்டேன். ஒருத்தி தேன் தடவச் சொன்னாள், ஒருத்தி செத்த தோலை வெட்டச் சொன்னாள், மூன்று பேர் கைதட்டுகிற பொம்மை அனுப்பினார்கள். சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுங்கள் என்று மாமாவிடம் கெஞ்சினேன். "வெள்ளிக்கெழம பாப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை ஆவுடையார்கோவிலுக்கு லோடு வந்துவிட்டது.

கட்டுப் போட ஆரம்பித்த ஐந்தாம் நாள் புண்ணின் ஓரம் லேசாகச் சிவந்து காட்டியது. ஆறுகிறது என்று நம்பினேன். அப்படி நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு சின்ன வேலை உண்டு. மழுங்கிய கம்பியை மெல்ல உள்ளே விட்டால் போதும், எலும்பு தட்டினால் நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். கம்பியும் கையில் இருந்தது. எடுத்தேன், மாமாவின் காலைப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். தட்டிவிட்டால் அவரைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டிவரும் என்பது ஒரு பயம். தட்டிவிட்டால் அவர் முகத்தைப் பார்த்து அதை நான்தான் சொல்ல வேண்டிவரும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் அன்னவாசல் பக்கத்து விவசாயி ஒருவர் இதே மாதிரிப் புண்ணோடு வந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். டாக்டர் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, உட்காராமல்கூட, "இப்பவே புதுக்கோட்டைக்குக் கெளம்புங்க. ஒரு நாளு லேட்டானாலும் ஒரு வெரலு அதிகமாப் போகும்" என்றார். இன்று என்ன ஆனாலும் மாமாவிடம் சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அவர் குளித்து, காலைக் கழுவி, கட்டிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சும் துணியும் அவரே எடுத்து வரிசையாக வைத்திருந்தார்.

"என்ன தாயி லேட்டு? பேசண்டு எம்புட்டு நேரம் காத்துக் கெடக்குறது?"

இந்த மனுஷரிடம் என்ன சொல்ல? "நாளைக்குச் சொல்லலாம்" என்று கட்டினேன். மறுநாளும் அதையே நினைத்துக்கொண்டு கட்டினேன்.

நான் முதல் கட்டுப் போட்டதிலிருந்து பதினோராம் நாள் காலை. வண்டியில் ஏறும்போதே அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "குளிரா இருக்குல்ல?" என்றார். ஆனி மாத வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. "நிறுத்துங்க மாமா" என்றேன். அவரும் பிரேக்கைத்தான் மிதித்தார். மிதித்தது சரியாகப் பதியவில்லை. வண்டி போய் இளநீர்க் குவியலில் முட்டி நின்றது. இளநீர்க்காரர் அரிவாளோடு, "யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்திக்கொண்டு வந்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கத்திரியால் என் கட்டை வெட்டினார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கணுக்கால் வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் விரல் நுனி கொஞ்சம் நிறம் மாறியிருந்ததை நான் பார்த்தேன். மருந்துக் கறை என்று நினைத்துக்கொண்டேன்.

"கட்டு யாரு போட்டது? நல்லாப் போட்டிருக்கே" என்றார் நர்ஸம்மா.

"நானேதாங்க. போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றார் மாமா. காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் பட்டென்று சொன்னார்.

டாக்டர் அவரைத் திட்டு திட்டென்று திட்டினார். இவ்வளவு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு விளையாடினீர்களா, அறிவில்லையா என்றார். பிறகு என்னைக் காட்டி, "வீட்டுலயே ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் இருக்கு. அதுகிட்டயாச்சும் காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"அது சின்னப் புள்ளைங்க. பயந்துக்கும்னு காட்டலைங்க."

நான் வெள்ளைக் கோட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் கட்டினேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? டாக்டர் என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, இப்படித்தான் நம்ம ஜனங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஐயோ, ஆட்டினேன்.

நூற்றெட்டு வண்டியில் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மா அங்கே நேராக வந்து சேர்ந்தார். மாமாவின் காலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அப்பவே சொன்னேன்ல தம்பி, செருப்பு மாட்டிக்கிட்டு நடடா, ஆத்தா கோவிச்சுக்க மாட்டான்னு. கேட்டியா? சித்திர வெயில்ல, அந்தத் தார் ரோட்டுல!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினார். சித்திரையில் மாமா மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு ஊரிலிருந்து சமயபுரம் வரைக்கும் நடந்திருக்கிறார். உள்ளங்காலில் கொப்புளம் கண்டதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். கொப்புளம் ஆறிவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறார். எதற்கு நடந்தார் என்று நான் கேட்கவில்லை, அம்மாவே சொன்னார். "நீ மூணாம் வருசத்துல ஒரு பேப்பர்ல போனீல்ல. நாலாம் வருசமாச்சும் ஒழுங்காப் பாஸாகணும்னு வேண்டிக்கிட்டான்."

நான் பாஸாகித்தான் இருந்தேன். நல்ல மார்க்கு.

அறுவைசிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையாகப் பேசினார். விஷம் ரத்தத்தில் ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே, இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். காகிதத்தை நீட்டினார். மாமா வாங்கவில்லை. அம்மா அழுதார், அப்பா கெஞ்சினார். மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எம் மருமக சொல்லட்டும்" என்றார் கடைசியில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா, "நீங்க மெடிக்கலா? அப்ப எடுத்துச் சொல்லுங்க" என்று கட்டிலை விட்டு விலகி எனக்கு இடம் கொடுத்தார். நான் போய் அந்தக் காலின் மேல் விரலை வைத்தேன். பாதத்தின் மேல்பக்கம் நாடி துடிக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேடினேன். இருந்துவிடாதா என்று தேடினேன். எத்தனை நேரம் தேடினாலும் இல்லாதது இல்லைதானே.

"எடுத்துத்தான் ஆகணுமா தாயி?"

"எடுக்கணும் மாமா."

"பெறகு வண்டி ஓட்ட முடியுமா?"

முடியும் என்று சொல்லத் தோன்றியது. எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள், செயற்கைக் கால் இருக்கிறது என்றெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டி முடியாது மாமா."

"சரி" என்றார். பேனாவை வாங்கி இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

உயிர் பிழைத்துக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "எம் மருமக மட்டும் சொல்லலைன்னா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். அதுதான் என் உசுரக் காப்பாத்துச்சு" என்று சொன்னார். அவர்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஒரு சித்தி தன் மகனுக்குக் காலில் இருக்கிற ஆணியைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். நான் வாசல் பக்கம் ஓடிப்போய் அழுதேன். பாசக்காரப் பிள்ளை, மாமாவுக்காக அழுகிறது என்றார்கள்.

மறுபடி கிர்கிஸ்தானுக்குக் கிளம்புகிறதற்கு முந்தின நாள் மத்தியானம் மாமாவின் அறைக்குப் போனேன். ஒற்றைக் காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் வேட்டி தட்டையாகக் கிடந்தது. நான் கீழே உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் ஒன்றிரண்டு விரலோடு போயிருக்கும், எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், கம்பி கையில் இருந்தது, நான் விட்டுப் பார்க்கவில்லை, கட்டுப் போடுகிற ஆசையில் இருந்துவிட்டேன், ஒங்க காலை எடுத்தது அந்த டாக்டரம்மா இல்லை, நான்தான் மாமா, நான்தான்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏழாம் நாளே தெரியும். ஆஸ்பத்திரிலேருந்து வந்து நின்னீல்ல, ஒன் மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருந்துச்சு. என்னத்தையோ பாத்துட்டு வந்துருச்சு, சொல்ல மாட்டாம நிக்குதுன்னு நெனச்சேன். நானும் கேக்கல. கேட்டா நீ சொல்லிப்புடுவியேன்னு பயம். ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதான், விடு."

பிறகு குனிந்து என் தலையில் கை வைத்தார். குரலை இறக்கி, யாரோ ஒட்டுக்கேட்பது போல வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆனா இத வெளிய மூச்சு விட்டுறாத. நாளைக்கு நீ டாக்டராயி இந்த ஊருலதான் வந்து ஒக்காரணும். மாமன் காலையே வாங்குனவள்னு பேரு வந்துருச்சுன்னா, எவன் தாயி ஒங்கிட்ட வந்து கையை நீட்டுவான்? நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். இப்போது கடைசி வருஷப் பயிற்சியில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுகிறோம். இதை எழுதுகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.